யாருடைய நீர், யாருடைய காற்று? இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வரலாறும் அதில் வேண்டிய திருத்தங்களும்

பட்டியல் சாதி மக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஊற்றையோ கிணற்றையோ குளத்தையோ அச்சாதிகளைச் சேராத ஒருவர் கெடுத்து, அந்நீரைப் பயன்படுத்தத் தகாததாக்கினால் அது வன்கொடுமை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைகள் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1), அதற்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அதே கிணற்றை அருகிலுள்ள தொழிற்சாலையின் கழிவுநீர் கெடுத்தால், வழக்கு வேறொரு பாதையில் செல்கிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு, நீர் மாதிரி ஆய்வு, விளக்கம் கேட்கும் அறிவிப்பு, தண்டத்தொகை என்று அது நீளும். இந்தப் பாதையில் எந்த இடத்திலும் கிணறு யாருடையது என்ற கேள்வி எழுவதில்லை. நீரில் எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று மட்டுமே கேட்கப்படுகிறது.

கிணறும் ஒன்று, குடிப்பவர்களும் ஒருவரே. ஆனால் சட்டங்கள் இரண்டு. ஒன்று சாதியை அறிந்த சட்டம். அது தனிமனிதரின் செயலை மட்டும் காண்கிறது. மற்றொன்று தொழிற்சாலையையும் நகராட்சியையும் காண்கிறது. அது சாதியை அறியாது. இவ்விரு சட்டங்களும் ஒன்றையொன்று சந்திக்காமலே வளர்ந்தது எப்படி, அவற்றைச் சந்திக்க வைக்க எந்தத் திருத்தங்கள் தேவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1972க்கு முந்தைய வரலாறு

இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1972ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாட்டிலிருந்து தொடங்குகின்றனர். நாம் 1927ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாளிலிருந்து தொடங்க வேண்டும். அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான தீண்டப்படாதோர் மகாடு நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினர். கால்நடைகளுக்கும் திறந்திருந்த அந்தப் பொதுக்குளம், அவர்கள் தொட்டதால் ‘மாசடைந்தது’ என்று சாதி இந்துக்கள் கூறினர். சாணமும் கோமியமும் கலந்த குடங்களை ஊற்றி அதைத் ‘தூய்மை’ செய்தனர். பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கில், தீண்டப்படாதோரை விலக்கி வைக்கும் வழக்காற்று உரிமை ஏதுமில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்தாண்டுகள் நடந்த அந்த வழக்கு, ஒரு நீர்நிலையின் மீதான சம உரிமை பற்றிய வழக்கு. அதைச் சுற்றுச்சூழல் வழக்கு என்று எந்தப் பாடநூலும் வகைப்படுத்துவதில்லை.

அரசமைப்புச் சட்டத்தையும் இந்தக் கண்கொண்டு படிக்கலாம். சுற்றுச்சூழலைப் பாதுகாக்க அரசைப் பணிக்கும் உறுப்பு 48அ, 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டது. ஆனால் கிணறு, குளம், படித்துறை, சாலை ஆகியவற்றைப் பயன்படுத்துவதில் சாதியின் பெயரால் எவரையும் தடுக்கக் கூடாது என்னும் உறுப்பு 15(2) 1950 முதலே அடிப்படை உரிமையாக இருக்கிறது. அரசமைப்பில் நீரைப் பற்றிய முதல் உரிமை, சாதிக்கு எதிரான உரிமையாகவே பிறந்தது. பின்னர் வந்த சுற்றுச்சூழல் சட்டங்கள் இந்த உறுப்பைத் தங்கள் வேராகக் கொள்ளவில்லை.

நிலத்தின் கதையும் இத்தகையதே. செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரமென்ஹீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணையிட்டது. அவையே பஞ்சமி நிலங்கள். அவற்றில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது நாம் அறிந்ததே. மறுபுறம் 1878, 1927ஆம் ஆண்டுகளின் வனச் சட்டங்கள் காட்டை அரசின் சொத்தாக்கின. நிலம் கைவிட்டுப் போனவர்களும் காட்டிலிருந்து விலக்கப்பட்டவர்களும் புறம்போக்கையும் மேய்க்காலையும் ஏரிக்கரையையும் நம்பி வாழ்ந்தனர். இந்நிலங்களில் அவர்களுக்கு வாழ்வு இருந்தது, பட்டா இல்லை. பட்டா இல்லாதவரைப் பாதிக்கப்பட்டவராக எண்ணத் தெரியாத குறை, பின்வந்த சுற்றுச்சூழல் நடைமுறைகளிலும் தொடர்கிறது.

போபாலும் அதற்குப் பின் வந்த சட்டமும்

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1974இல் நீர்ச் சட்டம், 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம், 1981இல் காற்றுச் சட்டம் என்று தனித்தனிச் சட்டங்கள் வந்தன. நீர்ச் சட்டமே மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களை உருவாக்கியது. அச்சட்டத்தின் பிரிவு 4, மாநில வாரியத்தில் யார் இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. அரசு அதிகாரிகள், உள்ளாட்சி உறுப்பினர்கள், வேளாண்மை, மீன்வளம், தொழில், வணிகம் போன்ற நலன்களைப் பிரதிநிதிப்படுத்துவோர், அரசு நிறுவனங்களின் பிரதிநிதிகள் ஆகியோர் அப்பட்டியலில் உள்ளனர். ஆலைக்கும் வணிகத்துக்கும் சட்டம் பெயர் சொல்லி இடம் தருகிறது. கழிவோடு வாழும் மக்களுக்கும், கழிவை அள்ளும் தொழிலாளருக்கும் அவ்வாறு பெயர் சொல்லித் தரவில்லை.

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவு போபாலில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்து, ஆலையை ஒட்டிய குடிசைப் பகுதிகளில் உறங்கிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான ஏழை மக்களைக் கொன்றது. அதன் பின்னரே 1986இல் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம் நிறைவேற்றப்பட்டது. குடைச் சட்டம் எனப்படும் இது, விதிகளையும் தரங்களையும் வகுக்கும் பரந்த அதிகாரத்தை ஒன்றிய அரசிடம் குவித்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு, கடற்கரை ஒழுங்குமுறை, கழிவு மேலாண்மை ஆகியன நாடாளுமன்றம் விவாதித்து இயற்றிய தனிச் சட்டங்கள் அல்ல. இச்சட்டத்தின் கீழ் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கைகளும் விதிகளும் ஆகும். அறிவிக்கையால் கிடைத்த பாதுகாப்பை மற்றோர் அறிவிக்கையால் பறிக்க முடியும். இந்த அடிப்படைக் குறையின் விளைவுகளை இப்போது அனுபவிக்கிறோம்.

இச்சட்டம் ‘சுற்றுச்சூழல்’ என்பதை நீர், காற்று, நிலம், மனிதர், பிற உயிரினங்கள், சொத்து ஆகியவற்றுக்கிடையேயான உறவு என்று வரையறுக்கிறது. மனிதர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஊரும் சேரியும் ஒன்றாகிவிடுகின்றன. நடைமுறையில் அவை ஒன்றல்ல. குப்பைக் கிடங்கு, எரியூட்டு நிலையம், சாக்கடை வெளியேற்றம் ஆகியவற்றுக்கு இடம் தேடும்போது அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவது யாருடைய குடியிருப்பு என்பதை வடசென்னையின் கொடுங்கையூரில் வாழ்வோரிடம் கேட்டால் தெரியும். தீட்டு என்று ஒதுக்கப்பட்ட மக்களின் இருப்பிடமே மாசைக் கொட்டும் இடமாகவும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

நீதிமன்றங்கள் திறந்த கதவும் மூடிய கதவும்

1980 முதல் உச்சநீதிமன்றம் சட்டத்தின் எல்லையை விரித்தது. ரத்லம் நகராட்சி வழக்கில், நிதி இல்லை என்று கூறி மக்களின் உடல்நலத்தைக் காக்கும் கடமையிலிருந்து நகராட்சி தப்ப முடியாது என்று நீதியரசர் கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். சாக்கடையைச் சீர்செய்யவும் குடிசைவாசிகளுக்குக் கழிப்பிடம் கட்டவும் அத்தீர்ப்பு வழிவகுத்தது. டெல்லி ஓலியம் வாயுக் கசிவு வழக்கில், அபாயகரமான தொழில் நடத்துவோர் எந்த விதிவிலக்கும் கோர முடியாத முழுமையான பொறுப்புக்கு உரியவர்கள் என்ற கோட்பாடு பிறந்தது. மாசற்ற நீரும் காற்றும் உறுப்பு 21இன் கீழான வாழ்வுரிமையின் பகுதி என்று சுபாஷ் குமார் வழக்கு 1991இல் உறுதி செய்தது.

தமிழ்நாட்டுக்கு நேரடியாகத் தொடர்புடையது வேலூர் மக்கள் நல மன்ற வழக்கு. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகளுக்கு எதிரான அந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. சட்ட மாணவர் ஒவ்வொருவரும் படிக்கும் தீர்ப்பு இது. ஆனால் இழப்பீடும் ஆற்றை மீட்கும் பணியும் முடிவுறாத நிலையில் வழக்கு மீண்டும் உச்சநீதிமன்றம் சென்றது. 2025 ஜனவரி 30 அன்று, பாதிக்கப்பட்டோருக்கு உரிய இழப்பீட்டை வழங்கி அதை ஆலைகளிடமிருந்து வசூலிக்குமாறு மாநில அரசுக்கு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. கோட்பாடு பிறந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் நிலைமை இதுதான்.

அந்த வழக்கில் நம் கவனத்துக்குரிய இன்னொன்று உண்டு. பாழான விளைநிலத்தை ஏக்கரில் அளக்க முடியும். அந்த நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தவரின் இழப்பையும், தோல் தொட்டிகளில் குரோமிய நீரில் நின்று உழைத்தவரின் உடலில் சேர்ந்த நஞ்சையும் அளக்க அத்தகைய எளிய அளவுகோல் இல்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட் வளாகத்தில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, அருகில் உறங்கிய பத்துப் பேர் கழிவுச் சேற்றில் மூழ்கி இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். கழிவுநீரைச் சுத்திகரிக்க நீதிமன்ற அழுத்தத்தால் எழுந்த கட்டமைப்பிலும் உழைப்பவரின் உயிர் கணக்கில் சேரவில்லை.

நீதிமன்றம் கதவை மூடிய தருணங்களும் உள்ளன. நகரத் திடக்கழிவு பற்றிய அல்மித்ரா பட்டேல் வழக்கில், 2000ஆம் ஆண்டு, குடிசைவாசிகளுக்கு மாற்றிடம் தருவது பிக்பாக்கெட்காரருக்குப் பரிசளிப்பதற்கு ஒப்பாகும் என்ற பொருளில் உச்சநீதிமன்றம் கருத்துரைத்தது. நகரின் குப்பையை அகற்றும் மக்களே நகரின் குப்பையாகப் பார்க்கப்பட்டனர். சென்னையில் கூவம் கரையிலிருந்து, நதியை மீட்பதற்காக என்று சொல்லி அகற்றப்பட்ட குடும்பங்கள், பெரும்பகுதி தலித் குடும்பங்கள், பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டன. அந்த அடுக்ககங்கள் எழுந்திருப்பது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய வெள்ளப் பகுதியில். சதுப்பு நிலப் பரப்பில் கட்டப்பட்ட பெருநிறுவன வளாகங்களை இத்தனை வேகமாக அகற்றியதாக வரலாறு இல்லை.

கருத்துக்கேட்பு என்னும் சடங்கு

1994 ஜனவரியில் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1997இல் பொதுமக்கள் கருத்துக்கேட்பு சேர்க்கப்பட்டது. இப்போது நடைமுறையிலிருப்பது 2006 செப்டம்பர் 14ஆம் நாளிட்ட அறிவிக்கை. அதன்படி கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்க வேண்டும். நிகழ்வைக் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும். கூட்டம் தொடங்கக் குறைந்தபட்ச வருகை தேவையில்லை என்றும் அதே அறிவிக்கை கூறுகிறது. ‘பி2’ வகைத் திட்டங்களுக்கு மதிப்பீட்டு அறிக்கையும் வேண்டாம், கருத்துக்கேட்பும் வேண்டாம்.

தாக்க மதிப்பீட்டு அறிக்கை ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். திட்டப் பகுதியைச் சுற்றி வழக்கமாகப் பத்துக் கிலோமீட்டர் அளவில் மக்கள்தொகை விவரம் இருக்கும். பட்டியல் சாதியினர் இத்தனை விழுக்காடு என்று மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்த அட்டவணையும் இருக்கும். அடுத்த அத்தியாயங்களில் காற்றின் திசை, தூசியின் அளவு, நிலத்தடி நீரோட்டம் ஆகியவை கணக்கிடப்படும். ஆனால் அந்தக் காற்று எந்தக் குடியிருப்பின் மீது வீசும் என்பதையும் அந்த அட்டவணையையும் இணைக்கும் ஒரு வரிகூட இருக்காது. சட்டம் அதைக் கேட்காததால் அறிக்கை எழுதும் நிறுவனமும் எழுதுவதில்லை.

கூட்டம் நடக்கும் இடமும் மொழியும் அரசியல் சார்ந்தவை. அறிக்கையின் சுருக்கத்தை மட்டும் வட்டார மொழியில் தந்தால் போதும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட முழு அறிக்கை ஆங்கிலத்திலேயே இருக்கலாம். கூட்டம் ஊர்ப் பகுதியின் மண்டபத்தில் நடந்தால், நிலவுடைமையாளர் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அவரிடம் கூலிக்குச் செல்லும் பெண் எழுந்து எதிர்த்துப் பேசுவதன் விலை என்ன என்பதைப் பதிவு செய்யும் காணொளிக் கருவி எதுவும் இல்லை.

நிலமற்றோரை எண்ணாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் தேர்வாய்கண்டிகை ஒரு சான்று. தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரில், தலைமுறைகளாக ஆடு மாடு மேய்த்து, விறகும் மூலிகையும் எடுத்துவந்த சுமார் 1,100 ஏக்கர் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குத் தரப்பட்டது. அரசு ஆவணத்தில் அது அரசு நிலம். எனவே பட்டாதாரருக்குரிய இழப்பீட்டுக் கேள்வியே எழவில்லை. மக்களின் முறையீடு 2012இல் பிரான்சு நாட்டின் அரசு அமைப்பு வரை சென்றது. உள்நாட்டுச் சட்டத்தில் அவர்களின் இழப்புக்குப் பெயரே இல்லாத நிலையில், வெளிநாட்டு நெறிமுறை ஒன்றைத் தேட வேண்டியிருந்தது.

இதற்கான மாற்று ஏற்கெனவே சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், நிலவுடைமையாளருடன் குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளரையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்று ஏற்கிறது; சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. ஆனால் தமிழ்நாடு அரசு 105அ என்னும் மாநிலத் திருத்தத்தைக் கொண்டுவந்து, தொழில் நோக்கத்துக்கான நிலம் கையகப்படுத்தலை அச்சட்டத்தின் வீச்சிலிருந்து விலக்கியது. 2019இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை ரத்து செய்தபோது, மாநில அரசு புதிய சட்டமியற்றி அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது.

பின்னோக்கிய பயணம்

‘சீர்திருத்தம்’ என்ற சொல் கடந்த பத்தாண்டுகளில் தலைகீழாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. 2014இல் ஒன்றிய அரசு அமைத்த டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் குழு, தொழில் நடத்துவோரின் நல்லெண்ணத்தையும் சுய அறிவிப்பையும் நம்பும் புதிய சட்டத்தைப் பரிந்துரைத்தது. நாடாளுமன்ற நிலைக்குழு அதை 2015இல் ஏற்க மறுத்தது. ஆயினும் அதன் மனப்போக்கு துண்டு துண்டாக உள்ளே வந்துகொண்டே இருக்கிறது.

2020 வரைவு அறிவிக்கை, கருத்துக்கேட்புக்கான முன்னறிவிப்பை 20 நாளாகக் குறைக்க முற்பட்டது. அந்த வரைவை எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டபோது, ஒன்றிய அரசு அதை எதிர்த்தது. தன் ஊரைப் பற்றிய சட்டத்தைத் தன் மொழியில் படிக்கும் உரிமைக்குக்கூட வழக்காட வேண்டியிருந்தது. அவ்வரைவு இறுதி வடிவம் பெறவில்லை. எனினும் 2022 ஜனவரியில், மாநில மதிப்பீட்டு ஆணையங்களை அனுமதி வழங்கும் விரைவைக் கொண்டு தரவரிசைப்படுத்தும் குறிப்பாணையை அமைச்சகம் வெளியிட்டது.

அனுமதி பெறாமல் கட்டிவிட்டுப் பின்னர் அனுமதி வாங்கும் பழக்கத்தின் அபாயத்தை, 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் நடந்த ஸ்டைரீன் வாயுக் கசிவு காட்டியது. அந்த ஆலை உரிய சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமலே இயங்கியதை அந்நிறுவனமே முந்தைய ஆண்டு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டிருந்தது. 2025 மே 16 அன்று வனசக்தி வழக்கில் உச்சநீதிமன்றம் பின்னேற்பு அனுமதியைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று, இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அத்தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது. ஆறு மாதமே நிலைத்த உரிமை அது.

2023இல் ஜன் விஸ்வாஸ் சட்டம், சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தையும் காற்றுச் சட்டத்தையும் திருத்தியது. முன்பு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை மீறினால் ஐந்தாண்டு வரை சிறை விதிக்க முடியும். இப்போது 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை மட்டுமே; அதையும் விதிப்பவர் நீதிபதி அல்லர், அரசு அதிகாரி. தண்டத்தொகையைக் கட்டத் தவறினால்தான் சிறை என்ற பேச்சு எழும். 2024இல் நீர்ச் சட்டமும் இதே வழியில் திருத்தப்பட்டது. மாநிலங்கள் தீர்மானம் நிறைவேற்றினால் அத்திருத்தம் அங்கும் நடைமுறைக்கு வரும். கிணற்றில் கழிவைக் கொட்டிய தனிமனிதருக்குச் சிறை. ஓர் ஊரின் நிலத்தடி நீரையே கெடுக்கும் நிறுவனத்துக்கு அதன் ஆண்டுக் கணக்கில் ஒரு செலவினம். சட்டத்தின் முன் சமத்துவம் இவ்வாறு வாசிக்கப்படுகிறது.

வேண்டிய திருத்தங்கள்

முதலாவது, சாதியைச் சட்டத்தின் சொல்லாக்குவது. திட்டத்தின் சுமை பட்டியல் சாதி, பழங்குடிக் குடியிருப்புகளின் மீது அளவுக்கு மிஞ்சி விழுகிறதா என்று ஆராய்வதும், விழுமானால் அனுமதி மறுப்பதும் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்திலேயே கடமையாக எழுதப்பட வேண்டும். இதற்கு அமெரிக்க அனுபவம் ஓர் எச்சரிக்கை. 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுன்டியில் கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் நச்சுமண் கிடங்கு அமைக்கப்பட்டதை எதிர்த்து எழுந்த போராட்டமே, ‘சுற்றுச்சூழல் நீதி’ என்ற கருத்தை உலகறியச் செய்தது. 1994இல் அதிபர் கிளின்டன் அதை நிர்வாக ஆணையாக்கினார். சட்டமாக்கப்படாத அந்த ஆணையை 2025 ஜனவரியில் ஒரே கையெழுத்தால் அதிபர் டிரம்ப் நீக்கினார். குறிப்பாணையில் கிடைக்கும் நீதி குறிப்பாணையிலேயே போய்விடும். நம் நாட்டில் 2024ஆம் ஆண்டின் ரஞ்சித்சிங் தீர்ப்பு, காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படும் உரிமையை உறுப்பு 21 உடன் சமத்துவத்துக்கான உறுப்பு 14இலும் கண்டது. இத்திருத்தத்துக்கான அரசமைப்பு அடித்தளம் அதுவே.

இரண்டாவது, வரைபடம். வாரியத்தின் இசைவாணை பெற்ற ஆலைகள், குப்பைக் கிடங்குகள், சுத்திகரிப்பு நிலையங்கள் ஆகியவற்றின் இருப்பிடம் அரசிடம் இருக்கிறது. பட்டியல் சாதி மக்கள்தொகையும் ஊர்வாரியாக இருக்கிறது. இவ்விரண்டையும் ஒரே வரைபடத்தில் பொருத்தி வெளியிட வாரியங்களைச் சட்டம் பணிக்க வேண்டும்.

மூன்றாவது, கருத்துக்கேட்பு. முழு அறிக்கையும் மக்களின் மொழியில் தரப்பட வேண்டும். விலக்குகள் நீங்க வேண்டும். நியமகிரியில் 2013இல் உச்சநீதிமன்ற ஆணைப்படி கூடிய பன்னிரண்டு கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தது, மக்களின் ஒப்புதல் என்பது நடைமுறையில் இயலக்கூடியது என்பதற்குச் சான்று. ஆனால் டோங்ரியா கோந்த் மக்களின் கிராம சபையும், சாதி இந்துக்கள் ஆதிக்கம் செலுத்தும் சமவெளிக் கிராம சபையும் ஒன்றல்ல. கிராமத்தைக் குடியரசின் அலகாகக் கொண்டாடுவதை அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் கடுமையாக மறுத்ததை மறக்கக் கூடாது. ஆகவே சேரிப் பகுதியில் தனி அமர்வும், அங்கு வாழ்வோரின் தனி ஒப்புதலும் கட்டாயமாக வேண்டும்.

நான்காவது, இரு சட்டங்களின் சந்திப்பு. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், நிறுவனம் குற்றம் செய்தால் அதன் பொறுப்பாளர்களைத் தண்டிக்கும் பிரிவு உண்டு. வன்கொடுமைகள் தடுப்புச் சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை. அதைச் சேர்த்தால் நீர்நிலையைக் கெடுக்கும் நிறுவனமும் அச்சட்டத்தின் எல்லைக்குள் வரும். தலித் மக்களின் நீராதாரம் கெட்டிருப்பதை வாரியம் கண்டறிந்தால், உடனே மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவுக்குத் தெரிவிப்பதும் கடமையாக்கப்பட வேண்டும். சட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு வேங்கைவயல் சாட்சி. 2022 டிசம்பரில் அங்குள்ள தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது தெரியவந்தது. ஈராண்டு விசாரணைக்குப் பின் அதே மக்களில் மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலாயிற்று; தலித் இயக்கங்கள் அதை ஏற்கவில்லை. காவல்துறையை மட்டும் நம்பாமல், நீரையும் மண்ணையும் அறிவியல் முறையில் ஆராயும் சுதந்திரமான அமைப்பும் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடம்.

ஐந்தாவது, தீர்ப்பாயமும் இழப்பீடும். 2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், அனுமதியை எதிர்க்க 30 நாளும், பிற வழக்குகளுக்கு ஆறு மாதமும், இழப்பீடு கோர ஐந்தாண்டும் காலவரம்பு விதிக்கிறது. தகுந்த காரணம் காட்டினால் ஒவ்வொன்றிலும் மேலும் 60 நாள் மட்டுமே கிடைக்கும். மெல்லக் கொல்லும் நஞ்சுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நோய்க்கும் நஞ்சுக்குமான தொடர்பு தெரியவந்த நாளிலிருந்தே காலம் கணக்கிடப்பட வேண்டும். வன உரிமைச் சட்டம் தீர்ப்பாயத்தின் வரம்புக்குள் சேர்க்கப்பட வேண்டும். வசூலாகும் தண்டத்தொகையில் வரையறுத்த பங்கு, பட்டா உள்ளவரா இல்லாதவரா என்று பாராமல், பாதிக்கப்பட்ட குடியிருப்பின் மருத்துவத்துக்கும் குடிநீருக்கும் செல்ல வேண்டும்.

ஆறாவது, உழைப்பு. மலக்குழி மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாயும், 2023இல் 30 லட்சம் ரூபாயும் இழப்பீடாக உச்சநீதிமன்றம் நிர்ணயித்தது. மரணத்துக்குப் பின்னான தொகை உயர்ந்ததே தவிர, மரணங்கள் நிற்கவில்லை. கழிவுநீர்க் கட்டமைப்பு, சுத்திகரிப்பு நிலையம் ஆகியவற்றுக்கான ஒவ்வோர் இசைவாணையிலும், மனிதர் உள்ளே இறங்கத் தேவையற்ற இயந்திர அமைப்பு முன்நிபந்தனையாக வேண்டும். மீறினால் இசைவாணை ரத்தாக வேண்டும். மாசு வாரியங்களிலும் மதிப்பீட்டுக் குழுக்களிலும் பட்டியல் சாதியினருக்கும் தூய்மைத் தொழிலாளருக்கும் சட்டப்படியான இடம் வேண்டும்.

இன்றைய சட்டத்துக்குள் செய்யக்கூடியவை

திருத்தங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பகுதி ஆலையின் இசைவாணை, அனுமதி நிபந்தனைகள், அரையாண்டு இணக்க அறிக்கை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறலாம். கருத்துக்கேட்புக்குச் செல்ல இயலாதவர்கள், செல்ல அஞ்சுபவர்கள் எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். அதைப் பதிவு செய்து பதில் தர வேண்டியது திட்ட முன்மொழிவாளரின் கடமை. அந்தக் கடிதத்தில், அறிக்கையின் மக்கள்தொகை அட்டவணையைக் குறிப்பிட்டு, தலித் குடியிருப்பின் மீதான தாக்கம் ஏன் ஆராயப்படவில்லை என்று கேளுங்கள். பின்னர் வரும் மேல்முறையீட்டுக்கு அந்த ஒரு கேள்வி அடித்தளமாகும். தமிழ்நாட்டுக்குரிய தீர்ப்பாய அமர்வு சென்னையிலேயே இருக்கிறது; வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் இழப்பீட்டு மனுவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

நீராதாரம் கெடுக்கப்பட்டால், வாரியத்துக்கு மட்டும் மனு அளிக்காமல், அதன் நகலை மாவட்ட விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரான ஆட்சியருக்கும் அனுப்புங்கள். அக்குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது விதி. சுற்றுச்சூழல் மனு ஒன்று அக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஏறும்போது, பிரிந்து நிற்கும் இரு சட்டங்களும் முதன்முறையாக ஒரே மேசைக்கு வரும். நாடாளுமன்றம் செய்ய வேண்டிய திருத்தத்தின் முன்வரைவை அவ்வாறு நாம் மாவட்டந்தோறும் எழுதத் தொடங்கலாம்.